ஒரே சாக்கிப் புழு, பக்கத்துக் கொட்டகையில் நன்றாக இருக்கிறது, என் கொட்டகையில் மட்டும் பால்புழு: ஏன்?

கேள்வி: ஐயா வணக்கம். தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். மூன்று வருடமாக வெண்பட்டு வளர்க்கிறேன். இந்தச் சித்திரையில் 200 முட்டைத்தொகுதி (ஒரு தாய்ப்பூச்சி இடும் முட்டைகள் ஒரு தொகுதி) எடுத்தேன். இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவாகச் சாக்கி சென்டரிலிருந்து, அதாவது இளம்புழு வளர்த்துத் தரும் மையத்திலிருந்து, வந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாலாம் தோலுரிப்பில் கொஞ்சம் புழு தோல் உரிக்காமல் மினுமினுப்பாக நின்றது. கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தின் நாலாம் நாளிலிருந்து படுக்கை ஓரமாகவே ஊர்ந்து சுற்றுகிறது, தொட்டால் பால் மாதிரி ஒழுகுகிறது. கடைசியில் 42 கிலோ கூடுதான் தேறியது. அதே சாக்கி, அதே தேதியில் எடுத்த பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன ஐப்பசியிலும் எனக்குக் கொஞ்சம் வந்திருந்தது. இப்போது ஒருவர் 'புழுவின் நோய் எதிர்ப்பு ஜீனைத் தூண்டும் டானிக்' என்று லிட்டர் 1,400 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார், இலையில் தெளித்துக் கொடுக்க வேண்டுமாம். வாங்கலாமா? மனிதர்களுக்குப் போடுகிற தடுப்பூசி மாதிரி புழுவுக்கு எதுவும் கிடையாதா? பிழைத்த புழுவுக்காவது எதிர்ப்பு வந்திருக்காதா?

பதில்: வணக்கம் தம்பி. 200 தொகுதிக்கு 42 கிலோ என்றால் இலைக்கூலிகூட நின்றிருக்காது, அதுவும் சித்திரை வெயிலில் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த இலை. டானிக் வாங்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் காரணம் புரிந்தால்தான் அடுத்த பேட்சை எந்த நாளில் எப்படிக் காப்பாற்றுவது என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாம் பால்புழு நோய்தான், கிராசரி என்று துறையில் சொல்வார்கள். அதற்குக் காரணம் பட்டுப்புழுவைத் தாக்கும் என்பிவி என்ற வைரஸ். இந்த வைரஸ் வெளியில் கிடக்கும்போது வெறும் வைரஸாகக் கிடப்பதில்லை, படிகம் மாதிரி ஒரு புரதக் கட்டிக்குள் புதைந்து கிடக்கும். அந்தக் கட்டியைப் புழுவின் இரத்தத்தில் சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே பார்க்கலாம், அறுகோணமாகப் பளிச்சென்று தெரியும். கட்டிக்குள் இருக்கிற வரைக்கும் மண்ணிலும் தூசியிலும் சுவர் இடுக்கிலும் வருடக்கணக்கில் சாகாது. போன ஐப்பசியில் 'கொஞ்சம்' வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கொஞ்சம்தான் இந்தச் சித்திரை வரை உங்கள் கொட்டகையில் காத்திருந்தது என்று நினைக்கிறேன்.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்றால், நாட்களைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். கட்டி வயிற்றுக்குள் போனதிலிருந்து புழு பால் ஒழுகிச் சாகிற வரை வளர்ந்த புழுவில் சுமார் 5 முதல் 7 நாள் ஆகும், சின்னப் புழுவில் இன்னும் சீக்கிரம். நாலாம் தோலுரிப்பில் மினுமினுத்தவை, உங்கள் இடத்துக்கு வந்து எட்டு ஒன்பது நாள் ஆனவை. ஆக அவை நோயை வாங்கியது வந்த சில நாட்களுக்குள், உங்கள் படுக்கையில். சாக்கியிலேயே வந்திருந்தால் மூன்றாம் தோலுரிப்பு ஒட்டியே தெரிந்திருக்கும், பக்கத்துத் தோட்டத்திலும் தெரிந்திருக்கும். முதலில் கொஞ்சம் புழு, அப்புறம் ஐந்தாம் பருவத்தில் கும்பலாக. அந்த முதல் கொஞ்சம் புழு உடைந்து ஒழுகிய பால்தான் இரண்டாவது கும்பலைக் கொன்றது. சாக்கி சென்டர்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

சரி, ஜீன் விஷயத்துக்கு வருவோம்.

பூச்சிகளுக்கு நம்மைப் போல ஆன்டிபாடி கிடையாது. தடுப்பூசி போட்டால் நம் உடம்பு அந்தக் கிருமியின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை வரும்போது அதற்கென்றே ஆயுதம் செய்யும். அந்த ஏற்பாடு புழுவிடம் இல்லை. இருப்பதெல்லாம் பிறவியிலேயே வந்த தற்காப்பு, அதை இயக்கும் மரபணுக்கள். அவற்றைப் பற்றி எனக்கு மிகவும் ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. அவற்றில் பல, நோய் எதிர்ப்புக்கென்று தனியாக ஒதுக்கி வைத்தவை அல்ல. வளர்ச்சிக்கும் அவையே, எதிர்ப்புக்கும் அவையே.

டோல் என்று ஒரு மரபணு. 1980-களில் ஜெர்மனியில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் அவருடன் வேலை செய்தவர்களும் பழ ஈயின் முட்டைக்குள் கரு எப்படி உருவாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மரபணு கெட்டுப்போனால் கருவுக்கு முதுகு எது, வயிறு எது என்றே தெரியாமல் போனது. கரு வளர்ச்சி பற்றிய வேலைக்காக 1995-ல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. 1996-ல் பிரான்சில் ஜூல் ஹோஃப்மனின் ஆய்வுக்கூடத்தில், அதே டோல் கெட்டுப்போன ஈக்கள் பூஞ்சை தாக்கியதும் தற்காத்துக்கொள்ள முடியாமல் செத்தன. முட்டையில் முதுகு வயிறு பிரித்த அதே மரபணு, வளர்ந்த ஈயில் பூஞ்சைக்குக் காவல். ஹோஃப்மன் 2011-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஜாக்-ஸ்டாட் என்று இன்னொரு பாதை இருக்கிறது, பூச்சிகளில் அதையும் முதலில் ஈயின் கருவில் உடற்கண்டங்கள் பிரிவதில்தான் கண்டார்கள், பூச்சியின் வைரஸ் எதிர்ப்பிலும் அதற்கு வேலை இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், 'எதிர்ப்பு ஜீனைத் தூண்டுகிறோம்' என்று ஒருவர் சொல்லும்போது, எந்த ஜீனை, எந்தப் பருவத்தில், எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும். வளர்ச்சியோடு பின்னிக் கிடக்கிற ஒன்றைக் கண்டபடி தூண்ட முடியாது. புழு தின்கிற இலையின் சத்து ஒரே பானைதான், அதிலிருந்துதான் தோலும் பட்டும் தற்காப்பும் எடுக்க வேண்டும். புழுவின் கொழுப்புத் திசுதான் சேமிப்புப் புரதத்தையும் செய்கிறது, கிருமியைக் கொல்லும் சிறு புரதங்களையும் செய்கிறது. அந்தச் சிறு புரதங்களில் செக்ரோபின் என்பது 1980-களின் தொடக்கத்தில் சுவீடனில் ஹான்ஸ் போமன் குழு கண்டெடுத்தது, அதுவும் ஒரு காட்டுப் பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து. ஆனால் அதன் முக்கிய வேலை பாக்டீரியாவைக் கொல்வது. டானிக் விற்பவர் அந்த வகைப் புரதம் கூடியதாக ஒரு சோதனைத் தாளைக் காட்டினாலும், பால்புழு வைரஸுக்கு அது பதில் ஆகாது.

வைரஸுக்கு எதிராகப் புழுவிடம் என்ன இருக்கிறது? முதல் அரண் வயிற்றுச் சாறு. 2003-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மறக்கவே மறக்காது. பட்டுப்புழுவின் செரிமானச் சாறிலிருந்து ஒரு லிப்பேஸ், அதாவது கொழுப்பைச் செரிக்கும் ஒரு நொதியைப் பிரித்தெடுத்தார்கள், அது இந்த என்பிவி வைரஸைப் பலமாக எதிர்த்தது. சாப்பாட்டைச் செரிக்கிற நொதியே காவலும் காக்கிறது. அந்த நொதிக்கான மரபணு நடுக்குடலில் மட்டும்தான் வேலை செய்கிறது, அதுவும் புழு தின்கிற நாட்களில். தோலுரிக்கும்போதும், கூடு கட்ட அலையும்போதும் அணைந்து விடுகிறது. வளர்ச்சி ஹார்மோனின் கட்டுப்பாட்டில் இருப்பதாக அந்த ஆய்வு செய்தவர்களே சொன்னார்கள்.

இதைக் கொட்டகையில் வைத்துப் பாருங்கள் தம்பி. தோலுரிப்பில் கிடக்கும்போது முதல் அரணில் ஆள் இல்லை. உரித்து எழுந்த புழுவுக்குப் பசி, ஒரு நாள் தின்னாத பசி. அது வைக்கிற முதல் வாயில் வைரஸ் கட்டி இருந்தால் நேராக உள்ளே போகும். தோலுரித்து எழுந்த புழுதான் எளிதில் நோய் வாங்கும் என்று பழைய வளர்ப்பாளர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னதற்கு இது ஒரு நல்ல விளக்கம் என்பது என் கருத்து. படுக்கைக் கிருமிநாசினிப் பொடியைத் தோலுரிப்பு முடிந்து, இலை போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் தூவச் சொல்வதன் அர்த்தமும் இதுதான். நிறையப் பேர் இலை போட்டுப் புழு தின்ன ஆரம்பித்த பிறகு ஞாபகம் வந்து தூவுகிறார்கள். நீங்கள் எப்போது தூவினீர்கள் என்று எழுதவில்லை, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, மல்பெரி இலையின் பச்சையத்திலிருந்தே புழுவின் வயிற்றில் சிவப்பாக ஒளிரும் ஒரு புரதம் உண்டாகிறது, அதற்கும் இந்த வைரஸை எதிர்க்கும் குணம் உண்டு. ஜப்பானில் பல வருடங்களுக்கு முன்பே கண்டது. வாடிய இலை, வெயிலில் பறித்துச் சாக்கில் அமுக்கி வைத்துச் சூடேறிய இலை, இவற்றைக் கொடுத்துவிட்டுப் பாட்டிலில் எதிர்ப்புச் சக்தி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. டானிக்கின் 1,400 ரூபாயில் இலை சேமிக்கும் அறைக்கு ஈரச்சாக்குத் தட்டி கட்டலாம்.

வயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டால் அடுத்த அரண் செல்லுக்குள். வைரஸின் மரபுச் செய்தியைத் துண்டு துண்டாக நறுக்கும் ஓர் ஏற்பாடு பூச்சிகளிடம் உண்டு, டைசர் என்ற நொதிதான் அதில் கத்தி. ஆர்என்ஏ தடுப்பு என்று பெயர், இதை ஒரு சின்ன உருளைப்புழு வகையில் கண்டுபிடித்த ஆண்ட்ரூ ஃபயருக்கும் கிரெய்க் மெல்லோவுக்கும் 2006-ல் நோபல் பரிசு. நோய் தொற்றிய செல் தானே செத்து வைரஸைப் பரவ விடாமல் செய்வதும் உண்டு. ஆனால் வைரஸும் சும்மா வரவில்லை. 130-க்கும் மேற்பட்ட மரபணுக்களோடு வருகிறது, அதில் ஒன்று செல் தற்கொலை செய்துகொள்வதைத் தடுக்கவே இருக்கிறது.

நீங்கள் பார்த்த இரண்டு அறிகுறிகளுமே வைரஸின் மரபணு வேலைதான் என்றால் நம்புவீர்களா? தோலுரிக்கச் சொல்வது எக்டைசோன் என்ற ஹார்மோன். இந்த வகை வைரஸ்களிடம் அந்த ஹார்மோனைச் செயலிழக்க வைக்கிற ஒரு நொதிக்கு மரபணு இருக்கிறது, 1989-ல் இதற்கு உறவான ஒரு வைரஸில் முதலில் கண்டார்கள், நம் பட்டுப்புழு வைரஸிடமும் உண்டு. ஹார்மோன் செத்தால் புழு தோல் உரிக்காது, தின்றுகொண்டே இருக்கும், உடம்பு பெருக்கும், வைரஸுக்கு இடம் பெருகும். நாலாம் தோலுரிப்பில் எல்லாப் புழுவும் தலையைத் தூக்கி அமைதியாகக் கிடக்கும்போது மினுமினுத்த தோலோடு தின்றுகொண்டே திரிந்த புழுக்கள் அவைதான். அப்புறம் படுக்கை ஓரமாக ஓயாமல் ஊர்ந்தது. 2005-ல் வந்த ஆய்வில், வைரஸிலிருந்து பிடிபி என்ற ஒரு மரபணுவை எடுத்துவிட்டால் புழு அப்படி அலைவதில்லை என்று காட்டினார்கள். அதாவது, நோயைப் பரப்ப வைரஸ் உங்கள் புழுவையே நடக்க வைக்கிறது. ஊர்கிற ஒவ்வொரு புழுவும் வழியெல்லாம் கட்டிகளைச் சிந்திக்கொண்டே போகிறது. அதனால் தோலுரிப்பில் சேராத மினுமினுப்புப் புழுவையும் ஓரத்தில் ஊரும் புழுவையும் பார்த்தால், 'பார்க்கலாம், தேறும்' என்று விடாதீர்கள். தேறாது. தோல் கிழியாமல் குச்சியால் எடுத்துச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கரைத்த வாளியில் போட்டு, பிறகு குழி தோண்டிப் புதையுங்கள். கையால் நசுக்கி எடுத்தால் அந்தக் கையே அடுத்த தட்டுக்கு நோயைக் கொண்டுபோகும்.

பிழைத்த புழுவுக்கு எதிர்ப்பு வந்திருக்குமா என்று கேட்டீர்கள். மேலே சொன்ன மாதிரி ஞாபக சக்தி அதற்கு இல்லை. பிழைத்தது, ஒன்று நோய்க்கட்டி குறைவாகத் தின்றிருக்கும், அல்லது கடைசி நாட்களில் தின்று நோய் முற்றுவதற்குள் கூடு கட்டியிருக்கும். அதைத் தாய்ப்பூச்சியாக்கி நீங்களே முட்டை எடுக்கும் எண்ணம் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். கலப்பு இனத்தின் அடுத்த தலைமுறையில் கூட்டின் தரம் சிதறிப்போகும், தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியே பரவும் பெப்ரின் நோய்க்குச் சோதனை செய்யவும் உங்களிடம் வழியில்லை.

எதிர்ப்பு மரபணுவை உண்மையிலேயே கூட்ட முடியாதா? ஆராய்ச்சியில் முடிந்திருக்கிறது, அது புழுவின் மரபையே மாற்றும் வழியில். நம் நாட்டிலேயே, வைரஸின் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் நறுக்கும் ஆர்என்ஏ ஏற்பாட்டைப் பட்டுப்புழுவின் மரபுக்குள்ளேயே வைத்து, வைரஸைத் தாங்கும் புழுவை உருவாக்கியதாக ஹைதராபாத் விஞ்ஞானிகள் 2013-ல் வெளியிட்டார்கள். பெரிய வேலை அது. ஆனால் அது சாக்கி சென்டரில் ஆர்டர் கொடுத்து வாங்கும் புழு அல்ல. அதே ஆர்என்ஏவை இலையில் தெளித்தால் போதாதா என்றால், பட்டுப்புழு மாதிரிப் புழுக்களின் காரமான (அமிலத்துக்கு நேர்மாறான, சுண்ணாம்பு நீர் போன்ற) வயிற்றில் அது சீக்கிரம் சிதைந்துவிடும். நாளைக்கு யாராவது ஆர்என்ஏ டானிக் என்று கொண்டுவந்தால் இதை ஞாபகம் வையுங்கள்.

இனி உங்கள் கொட்டகை. அந்தக் காரமான வயிற்றைப் பற்றிச் சொன்னேனே, அதிலேயே நமக்கு வழி இருக்கிறது. வைரஸ் கட்டி தண்ணீருக்குக் கரையாது, புழுவின் வயிற்றுக் காரத்தில்தான் கரைந்து வைரஸை வெளியே விடும். நாம் அதே காரத்தைத் தரையிலும் சுவரிலும் கொடுத்துக் கட்டியைக் கரைத்து, வெளியே வந்த வைரஸைக் குளோரினால் கொல்கிறோம். 2 சதவீத பிளீச்சிங் பவுடரை 0.3 சதவீத நீர்த்த சுண்ணாம்புக் கரைசலில் கலக்கச் சொல்வது அதற்காகத்தான். 100 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் நீர்த்த சுண்ணாம்பு, 2 கிலோ பிளீச்சிங் பவுடர். சுண்ணாம்பு எதற்கு என்று விட்டுவிட்டு வெறும் பிளீச்சிங் அடிப்பவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள். பிளீச்சிங் பவுடரும் 30 சதவீதக் குளோரின் உள்ள புதிய மூட்டையாக இருக்க வேண்டும், மூட்டை பிரித்து மழைக்காலம் தாண்டிய பொடியில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

கூடு பறித்ததும் உடனே பெருக்காதீர்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் கட்டி எல்லாம் தூசியாகப் பறந்து கூரைக் கம்பியிலும் வலையிலும் போய் உட்காரும். முதலில் எல்லாம் கிடக்கிறபடியே கரைசலை நனைய நனைய அடியுங்கள், தட்டு, நெட்ரிகா (புழு கூடு கட்ட வைக்கும் சட்டம்), வலை எல்லாவற்றுக்கும் சேர்த்து. அதன் பிறகு வாரி, கழுவி, வெயிலில் காயவிட்டு, அடுத்த புழு வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் மறுபடியும் ஒருமுறை அடியுங்கள். தரை மண்ணாக இருந்தால் மேல்மண்ணைச் சுரண்டிச் சுண்ணாம்பு போட்டுக் கெட்டிப்படுத்துங்கள், முடிந்தால் சிமெண்ட் தளம் போடுங்கள், உங்கள் நிலைமையில் அதற்குச் செலவழிப்பது வீண் அல்ல.

புழு வந்த பிறகு, ஒவ்வொரு தோலுரிப்பிலும் கவனம். பத்தில் ஒன்பது புழுவுக்கு மேல் அடங்கியதும் இலையை நிறுத்தி, சுண்ணாம்புப் பொடி தூவிப் படுக்கையை உலர்த்தி, காற்றோட்டம் கொடுங்கள். நூற்றுக்கு 95 புழு எழுந்த பிறகு விஜேதாவோ அங்குஷோ உங்களிடம் இருக்கிற பொடியை அட்டையில் போட்ட அளவுப்படி தூவி, அரை மணி நேரம் கழித்து முதல் இலை, அதுவும் இளசான நல்ல இலை. முந்தி எழுந்தவை பசியில் அலைகிறதே என்று அவசரப்பட்டால் பருவம் முன்பின்னாகி, ஒரே படுக்கையில் தின்கிற புழுவும் தோலுரிக்கிற புழுவும் கலந்துவிடும், அப்புறம் எந்த நேரத்தில் பொடி தூவினாலும் தப்பாகத்தான் இருக்கும்.

சூடும் ஒரு காரணம். ஐந்தாம் பருவத்துக்கு 24, 25 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்பது நல்ல அளவு. சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எவ்வளவு இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கூரைமேல் தென்னங்கீற்று, தண்ணீர்த் தெளிப்பு, பக்கவாட்டில் ஈரச்சாக்கு. முடியவில்லை என்றால் சித்திரை, வைகாசியில் மட்டும் 100 தொகுதியாகக் குறைத்துப் படுக்கையில் நெரிசல் இல்லாமல் வையுங்கள், அல்லது வெயில் தாங்கும் கலப்பின மஞ்சள் கூட்டுக்குப் போங்கள். வெண்பட்டின் விலை ஆசைதான், ஆனால் பட்டு அதிகம் வர வேண்டும் என்று தேர்ந்தெடுத்த இனம் அது, வெயிலையும் நோயையும் சேர்த்துத் தாங்கச் சொல்லக் கூடாது.

நோய் வந்த படுக்கைக் கழிவை மல்பெரித் தோட்டத்தில் அப்படியே போட்டிருந்தால் இனி அதைச் செய்யாதீர்கள், தனியாகக் குழியில் மக்கவையுங்கள். கோழிக்குச் செத்த புழுவைப் போடுகிற வழக்கம் உங்கள் பக்கம் நிறைய உண்டு. கோழிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கட்டி கோழியின் வயிற்றில் கரையாமல் எச்சத்தோடு வெளியே வந்து, அது நடக்கிற இடமெல்லாம் பரவும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வீட்டில் கோழி இருக்கிறதா, உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள்.

அடுத்த பேட்சில் மூன்றாம் தோலுரிப்பு முடிந்ததும், உரிக்காமல் பின்தங்கிய புழு நாலைந்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்துக்குப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அறுகோணக் கட்டி தெரிந்தால் அன்று மாலையே எனக்கு எழுதுங்கள், ஐந்தாம் பருவத்துக்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கும், அதற்குள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.